பிள்ளை கற்கும் வரலாற்றைப் பெற்றோர் அறிய வேண்டாவா?

அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கல்வியாண்டு தொடங்கிய சில கிழமைகளுக்குள் ஒருநாள் மாலையில் பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்பெறுவர். பகலெல்லாம் பிள்ளை அமர்ந்திருந்த இருக்கையில் தாயும் தந்தையும் அமர்வர். ஒவ்வொரு பாடத்தின் ஆசிரியரும் அவர்கள்முன் நின்று, இவ்வாண்டு இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போவது இது, கற்பிக்கும் நூல் இது, தேர்வு நடத்தும் முறை இது, வீட்டிலிருந்து பெற்றோர் செய்யக்கூடிய துணை இது என எடுத்துரைப்பர். கட்டணம் தண்டுவதற்கோ பிள்ளைமீது குறை கூறுவதற்கோ கூட்டப்படும் கூட்டமன்று அது. கற்பிப்போரும் பெற்றோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென்றே கூடும் கூட்டம்.

அந்நாட்டு நடுநிலை வகுப்புகளில், குறிப்பாகப் பல மாநிலங்களில் எட்டாம் வகுப்பில், பிள்ளைகள் தம் நாட்டு வரலாற்றைக் கற்கின்றனர். 1773இல் பாசுடன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த எழுச்சி, 1776 சூலை 4ஆம் நாளின் விடுதலை அறிக்கை, 1787இல் வகுத்த அரசியல் சட்டம் ஆகியவற்றை வரலாற்றாசிரியர் பெற்றோர்முன் பெருமிதத்தோடு அடுக்குவார். நல்லாசிரியராயின் அத்தோடு நில்லார். 1838இல் செரோக்கி என்னும் மண்ணின் மக்கள் தம் நிலத்தினின்று படைகொண்டு துரத்தப்பட்டு, ஆயிரக்கணக்கில் மாண்டதையும் சொல்வார். ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு விற்றதையும், அதனை ஒழிக்க 1861 முதல் 1865 வரை உடன்பிறந்தாரே போரிட்டு மடிய நேர்ந்ததையும் சொல்வார். சார்ச்சு வாசிங்டன் சிறு அகவையில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் பொய்யுரையாது ஒப்புக்கொண்டார் என்னும் கதை, கடல்கடந்து இந்நாட்டுப் பள்ளிகளிலும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. அது வாசிங்டன் மறைந்தபின் வீம்சு என்பார் தம் நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைத்த கட்டுக்கதை என்பதையும் இன்றைய அமெரிக்க ஆசிரியர் பிள்ளைகளுக்கு மறைப்பதில்லை.

அமெரிக்காவைப் புகழ்வது இங்கு நோக்கமன்று. அந்நாட்டிலும் இதன்பொருட்டுப் பூசல் மிகுதி. அடிமை முறையையும் நிறவேற்றுமையையும் பற்றி வகுப்பறையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது எனக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 2021 முதல் அங்குப் பல மாநிலங்களில் இயற்றப்பட்டன. பெற்றோருள் ஒரு சாரார் அவற்றை வேண்டி நின்றனர். மற்றொரு சாரார் எதிர்த்து நின்றனர். ஆயினும் ஒன்று தெளிவு. தம் பிள்ளை எந்த வரலாற்றைக் கற்கிறது என்பதை அப்பெற்றோர் அறிந்திருக்கின்றனர். அறிந்தமையாலேயே வழக்காடுகின்றனர். அறியாதவனுக்கு ஏது வழக்கு?

இனிச் சாத்தூருக்கு வருவோம். வைப்பாற்றங்கரையில் அமைந்த இவ்வூரிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் பெற்றோருள் பெரும்பாலோர் பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் உழைப்பவர். விடியுமுன் எழுந்து, உலை வைத்து, சோற்றைக் கட்டிக்கொண்டு ஆலை வண்டியேறும் தாய், தன் பிள்ளையின் பள்ளிக்கு எப்போது செல்கிறாள்? சேர்க்கையன்று செல்கிறாள். தேர்வறிக்கையில் கையெழுத்திடச் செல்கிறாள். பிள்ளை குறும்பு செய்தான் எனச் சொல்லி விடுத்தால், தலைகுனிந்து செல்கிறாள். வகுப்பறையின் உள்ளே நிகழும் கல்வியைக் காண அவளை அழைத்தவர் யாவர்?

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். குழுக்களும் கூடுகின்றன, சுற்றுச்சுவர், குடிநீர், கழிவறை, சிற்றுண்டி ஆகியவற்றைப் பேசுகின்றன. இவையும் வேண்டுவனவே, தாழ்வாகக் கருதத்தக்கன அல்ல. ஆயினும் சுவருக்குள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்னும் வினா அக்கூட்டங்களில் எழுவது அரிது. தனியார் பள்ளிகளிலோ அப்படியொரு குழுவே சட்டப்படி கட்டாயமில்லை.

தமிழ்நாட்டரசின் பாடநூல்களை எடுத்துப் பார்த்தால் பெற்றோர் வியப்படைவர். ஆறாம் வகுப்புப் பிள்ளை, வரலாறு என்றால் என்ன என்று தொடங்கிச் சிந்துவெளியையும், புகார், மதுரை, காஞ்சி ஆகிய பண்டைத் தமிழ் நகரங்களையும் கற்கிறது. ஏழாம் வகுப்பில் சோழரும் பாண்டியரும் தில்லிச் சுல்தான்களும் முகலாயரும் மராட்டியரும் வருகின்றனர். எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகை, கும்பினியின் ஆட்சி, நிலவரிக் கொடுமை, பூலித்தேவர், கட்டபொம்மன், வேலு நாச்சியார், மருதிருவர், 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி ஆகியன இடம்பெறுகின்றன. அமெரிக்க விடுதலைப் போர் ஒன்பதாம் வகுப்பிற்குரியது.

இவற்றைத் துண்டு துண்டாக உருப்போடும் பிள்ளைக்கு ஓர் உண்மை புலப்படுவதில்லை. பாசுடனில் எறியப்பட்ட தேயிலை எந்தக் கும்பினியினுடையதோ, அதே கும்பினிதான் நெற்கட்டுஞ்செவலிலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் வரி கேட்டு நின்றது. 1799 அத்தோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது. 1781இல் யார்க்குடவுனில் அமெரிக்கரிடம் தோற்றுப் படைக்கலம் ஒப்படைத்த காரன்வாலிசுதான், ஐந்தாண்டு கழித்து இந்நாட்டிற்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்புவைப் பணியவைத்து, 1793இல் வங்காளத்தில் நிலையான நிலவரி முறையை நிறுவினான். அமெரிக்கப் பிள்ளை அவனைத் தோற்றவனாகக் கற்கிறது. தமிழ்ப் பிள்ளை அவனை ஆண்டவனாகக் கற்கிறது. இரண்டையும் ஒருங்கே அறிந்தாலன்றோ கும்பினியின் முழு உருவம் தெரியும்!

இன்னும் ஒன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஏல் பல்கலைக்கழகம், எலிகு ஏல் என்பானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவன் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டையின் ஆளுநனாயிருந்தவன். பதவியைப் பயன்படுத்திச் செல்வம் குவித்தான் என்னும் குற்றச்சாட்டின்பேரில் நீக்கப்பட்டவன். 1718இல் அவன் கொடுத்தனுப்பிய சரக்குப் பொதிகளை விற்ற பணத்திற்கு நன்றியாகவே அக்கல்லூரி அவன் பெயரை ஏற்றது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் திரட்டிய பொருள் பிறநாட்டுக் கல்விக்கூடத்திற்குப் பெயராயிற்று. பட்டாசு செய்யும் ஊரார் அறியத்தக்க செய்தியும் உண்டு. 1777இல், விடுதலை அறிக்கையின் முதலாண்டு நிறைவன்று, பிலடெல்பியா நகரில் வாணவேடிக்கை நிகழ்ந்தது. இன்றளவும் அந்நாட்டார் விடுதலை நாளை வெடியொலியோடு கொண்டாடுகின்றனர். இதனைச் சாத்தூர்ப் பிள்ளை தன் தாயிடம் சொன்னால், தான் சுற்றும் திரிக்கும் உலக வரலாற்றுக்கும் உள்ள உறவை அவள் உணர்ந்து மகிழாளா?

ஆனால் பிள்ளை சொல்வதில்லை. ஏன்? இங்கேதான் நோயின் வேர் இருக்கிறது. பிள்ளையின் வரலாற்று நூல் தாய் அறியாத மொழியில் இருக்கிறது. மூலைக்கொன்றாக முளைத்த ஆங்கிலவழிப் பள்ளிகள் போதாவென்று, 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. ஆலையில் வெந்து ஈட்டிய கூலியைக் கட்டணமாகக் கட்டி நூலை வாங்கித் தந்த தாய், ‘என்னடா படிக்கிறாய்?’ என்று கேட்டால், ‘உனக்குப் புரியாதம்மா, அது இங்கிலீசு’ என்கிறான் மகன். அவ்வொரு சொல்லில் எத்தனை தலைமுறைகள் அறுந்துபோகின்றன! பாண்டியன் வரலாற்றைப் பாண்டிய நாட்டுத் தாய் தன் மகனிடம் கேட்டறிய மொழிபெயர்ப்பாளன் வேண்டுமென்றால், இதனைக் கல்வி என்பதா, கல்வியின் பெயரால் நிகழும் பிரிவினை என்பதா? அமெரிக்கத் தாய் மாலைக் கூட்டத்தில் தன் பிள்ளையின் நூலைப் புரட்டிப் படிக்கிறாள். அவளுக்கு வாய்த்த அவ்வெளிய உரிமை, ஈராயிரம் ஆண்டு இலக்கியம் படைத்த இனத்தின் தாய்க்கு இல்லை. தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்று என்று ஏளனம் செய்வார், இந்தத் தாயின் முகத்தைப் பார்த்து மறுமொழி கூறட்டும்.

வேற்றுமொழியில் கற்ற வரலாறு வீட்டு வாயிலைத் தாண்டுவதில்லை. வீட்டில் உள்ள வரலாறும் பள்ளி வாயிலைத் தாண்டுவதில்லை. சாத்தூரைச் சுற்றியுள்ள மண்ணில் வரலாற்றுக்கா பஞ்சம்? இதே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை மேட்டில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2022 மார்ச்சு முதல் அகழாய்வு செய்தது. சங்கு வளையல்களும் பாசிமணிகளும் சுடுமண் உருவங்களும் பொன்னணிகளும் அங்கு வெளிப்பட்டன. கடற்சங்கு உள்நாட்டுக்கு வந்து வளையலாகிப் பெண்டிர் கைகளை அணிசெய்த காலத்தை, பேருந்தில் சென்று மீளும் தொலைவில் கண்ணாற் காணலாம். சாத்தூர்ப் பிள்ளைகளுள் எத்தனைபேர் கண்டனர்? கண்டவருள் எத்தனைபேர் தாய்தந்தையோடு கண்டனர்?

இம்மாவட்டத்து விருதுநகரில்தான், இந்நிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுக என்பது முதலாய வேண்டுகைகளை முன்வைத்து, 1956 சூலை 27இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். அத்தோபர் 13இல் உயிர் துறந்தார். அவர் கேட்ட பெயர் 1969 சனவரி 14இல்தான் நடைமுறைக்கு வந்தது. தான் வாழும் மாநிலத்தின் பெயருக்காகத் தன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பட்டினி கிடந்து மாண்டார் என்பதை அறியாமல், பிலடெல்பியாவின் விடுதலை மணியை மட்டும் அறிந்த பிள்ளை, கற்றவனா? இரண்டையும் அறிந்தவனே கற்றவன். 1957, 1962 ஆகிய தேர்தல்களில் சாத்தூர்த் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்த காமராசர், தாம் பள்ளிப்படிப்பை இடையிலே விட நேர்ந்தவர். முதலமைச்சராக நின்று ஊர்தோறும் பள்ளி திறந்து, நண்பகல் உணவும் அளித்தவர். அவர் திறந்த பள்ளியில் படித்த பாட்டன்மார் இன்றும் திண்ணையில் இருக்கின்றனர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்து வினவினால், அது எந்த நூலிலும் இல்லாத பாடமாகும்.

பெருமை மட்டுமே வரலாறாகாது. அமெரிக்க ஆசிரியர் அடிமைச் சந்தையை மறைக்காதபோது, தமிழாசிரியர் தம் மண்ணின் புண்களை மறைக்கலாமா? கோயில் நுழைவின் பொருட்டு மூண்ட பகை 1899இல் சிவகாசியில் கொலையும் கொள்ளையுமாக வெடித்தது. தமிழனைத் தமிழன் தீண்டாமல் விலக்கிய கொடுமைக்கு வடவரை மட்டும் பழிசொல்லித் தப்ப இயலாது. பின்னர்த் தீப்பெட்டித் தொழில் வந்தது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுவந்து, 1923 அளவில் வறண்ட நிலத்திற்கு வாழ்வளித்தனர், அது பெருமை. ஆனால் அத்தொழிலில் சிறு பிள்ளைகளின் விரல்கள் பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் தேய்ந்தன; அது சிறுமை. 1996 திசம்பர் 10இல் இந்திய உச்சநீதிமன்றம் சிவகாசிச் சிறார் உழைப்பு வழக்கில் தீர்ப்பளித்து, பிள்ளைகளை ஆலையினின்று பள்ளிக்கு மீட்குமாறு ஆணையிட்டது. இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுக்கும் தாய்மாருள் அன்று பெட்டி ஒட்டியவர்களும் உளர். அவர்களே வரலாறு, ஆனால் வரலாற்று வகுப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடியில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரை எண்ணிக் கணக்கெழுதுவது செய்தித்தாள். அவர் ஏன் மாண்டனர், மருந்தறையில் எத்தனைபேர் இருக்கவேண்டும் என்னும் விதி எப்போது எதனால் பிறந்தது, பிறந்த விதி ஏன் காக்கப்படவில்லை என வினவுவதே வரலாறு. இவ்வினாவை எட்டாம் வகுப்பில் கேட்கப் பழகிய பிள்ளை, வளர்ந்து ஆலைக்குள் நுழைந்தாலும் வாய்மூடி நில்லான். வரலாற்றுக் கல்வி மதிப்பெண்ணுக்கன்று, உயிருக்கே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

தமிழ்ப்பற்றுடையார் தமக்கும் ஒரு சொல் உண்டு. சான்றில்லாத பெருமை பகைவன் கையில் தரும் படைக்கலம். சாத்தூர் என்னும் பெயரையே கொள்க. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் ‘சாத்து’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது என்பது ஒரு கருத்து. ‘சாத்தன்’ என்னும் பெயரடியாகப் பிறந்தது என்பது மற்றொரு கருத்து. பிள்ளைக்கு ஒன்றை முடிவாகத் திணியாமல், கல்வெட்டு உண்டா, பழைய ஆவணம் உண்டா, வணிகப் பெருவழி இவ்வூர் வழியே சென்றதா எனத் தேடச் சொல்லுதலே ஆசிரியன் கடன். கீழடியில் மண்ணே சான்று கூறியது. அதனால் எதிர்ப்பவரும் மறுக்க இடர்ப்படுகின்றனர். வாசிங்டனுக்குச் செர்ரி மரம் வேண்டியதில்லை. தமிழனுக்கும் கட்டுக்கதை வேண்டியதில்லை. உள்ளதே மலையளவு இருக்கிறது.

பெற்றோர் விழித்திருக்க வேண்டியதற்கு வேறொரு கரணியமும் உண்டு. அமெரிக்காவில் பாடத்திட்டம் மாநிலங்களின் பொறுப்பு. பள்ளி வட்டாரங்களுக்கும் அதில் பங்குண்டு. வாசிங்டனில் உள்ள நடுவணரசு நாடு முழுமைக்கும் ஒரே வரலாற்று நூலை எழுதித் திணிப்பதில்லை. இந்தியாவிலோ மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது சட்டத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அன்று தொட்டுத் தில்லியின் கை நீண்டுகொண்டே வருகிறது. 2023இல் நடுவணரசின் பாடநூல் நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலினின்று முகலாய அரசவை பற்றிய பாடத்தை நீக்கியது. இன்று முகலாயரை நீக்கத் துணிந்த கை, நாளை பாண்டியரை விட்டுவைக்கும் என்பதற்கு உறுதி என்ன? நூலினின்று ஒரு பக்கம் கிழிக்கப்படும்போது, அப்பக்கத்தை முன்னரே படித்த தாய் இருந்தால்தான் ‘எங்கே அந்தப் பக்கம்?’ என்று கேட்பாள். படியாதவளுக்குக் கிழிந்ததும் தெரியாது.

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படும். பெற்றோர் உழைத்துக் களைத்தவர், எழுத்தறிவும் குறைந்தவர். அவர்க்கு இது எதற்கு என்பது ஒன்று. கூலியைக் காசு தவறாமல் எண்ணத் தெரிந்தவர், வெடிமருந்தின் கலவையைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர், முன்னோர் கதையை நினைவில் சுமப்பவர், அரைமணி நேரம் தமிழில் சொல்லும் வரலாற்றைப் புரிந்துகொள்ளாரா? புரியாதது அவர் குற்றமன்று; அவர்க்குப் புரியும் மொழியில் சொல்லாதவர் குற்றம். ஆசிரியர்க்குப் பணிச்சுமை மிகுதி என்பது மற்றொன்று. இது மெய்யே. கணக்கெடுப்பும் பதிவேடும் ஆசிரியரை வருத்துகின்றன. ஆயினும் ஆண்டில் ஒரு மாலை, தாம் விரும்பிக் கற்பிக்கும் பாடத்தைத் தம் ஊராரிடம் எடுத்துரைப்பது, நல்லாசிரியர்க்குச் சுமையாகாது, ஊக்கமாகும்.

பெற்றோர் தலையிட்டால் ஆசிரியர் உரிமை கெடும் என அஞ்சுவாரும் உளர். இவ்வச்சத்திற்கு அமெரிக்க நிகழ்ச்சிகளே பாடம். ஆதலின் வரம்பு தெளிவாக இருத்தல் வேண்டும். பெற்றோர் வருவது அறிவதற்கும் வினவுவதற்கும் தாம் அறிந்ததைச் சொல்வதற்குமே. கசப்பான உண்மையைப் பாடத்தினின்று நீக்கச் சொல்வதற்கன்று.

செய்யவேண்டுவது எளிது. சூன் திங்களில் பள்ளி திறந்ததும், சூலைக்குள் ஒரு நாள், ஆலை வண்டிகள் ஊர் திரும்பியபின், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் பெற்றோரைத் தலைமையாசிரியர் அழைக்கட்டும். மேலாண்மைக் குழு உறுப்பினர் தெருத்தெருவாகச் சென்று சொல்லட்டும். பிள்ளையின் இருக்கையில் தாயை அமரச் செய்க. வரலாற்றாசிரியர் தூய தமிழில் அரைமணி நேரம் பாடங்களை விளக்குக. தமிழ் நூல் ஒவ்வொன்றும் கைக்குக் கை மாறட்டும். ஆங்கிலவழிப் பிரிவாயினும், பெற்றோர் கூட்டத்தின் மொழி தமிழாகவே இருக்கட்டும். பின்னர் ஊர்ப் பெரியவர் இருவர் மூவர் எழுந்து, தாம் கண்ட வைப்பாற்று வெள்ளத்தையோ, ‘நிப்பு’ எனப்படும் தூவல்முள் செய்யும் தொழில் இவ்வூரில் செழித்துத் தேய்ந்த கதையையோ சொல்லட்டும். பிள்ளைகள் அதனை எழுதிக்கொள்ளட்டும். ஆண்டிறுதிக்குள் ஒருமுறை பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே வெம்பக்கோட்டை சென்று வரட்டும். தமிழ் மன்றங்களும் திருக்குறள் கழகங்களும் மேடைச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும்.

தமிழ்ப் பெற்றோரே! அழைப்பு வரும் என்று காத்திராதீர். இன்றிரவே பிள்ளையின் வரலாற்று நூலைக் கையில் எடுங்கள். தமிழாயின் ஒரு பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலமாயின், ‘இதனைத் தமிழில் சொல்’ என்று கேளுங்கள். சொல்ல இயலாமல் பிள்ளை விழித்தால், நாளைக் காலை பள்ளிக்குச் சென்று, ‘எம் பிள்ளைக்கு எம் வரலாற்றை எம் மொழியில் கற்பியுங்கள்’ என்று கேளுங்கள். அது இரத்தல் அன்று, உரிமை. ஓர் இனத்தின் வரலாறு அதன் தாய்மாருக்குத் தெரியாமல் அதன் பிள்ளைகளிடம் வாழாது.